பிளக் கழற்றும் முன் ஸ்பேனரைப் பாருங்கள்

இருசக்கர வண்டியில் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகளில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது எளிதானது. புதிதாகக் கைவைப்பவர்கள் அதிகம் கெடுப்பதும் அதில்தான். பிளக் போனால் புது பிளக் வாங்கிக்கொள்ளலாம். பிளக் உட்காரும் ஹெட்டின், அதாவது என்ஜின் தலைப்பகுதியின், மரை போனால்தான் செலவு. அந்த மரையைக் கெடுப்பது அளவு பொருந்தாத ஸ்பேனர், இல்லையென்றால் சரியான ஸ்பேனரை அவசரமாகப் பிடித்த கை. அதனால் பிளக்கைப் பற்றிச் சொல்வதில் பாதி, கருவியைப் பற்றியே இருக்கும்.

குமரி மாவட்டத்தில் இதைக் கற்றுக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. இங்கே வருடத்தில் இரண்டு மழை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று. மேற்கே போனால் ரப்பர் தோட்டத்துச் செம்மண். பிளக்கின் தலையில் மாட்டும் மூடியான கேப்புக்குள் ஈரமும் உப்பும் ஏறி வண்டி 'மிஸ்' அடிப்பது இங்கே சாதாரணம். கீரிப்பாறைப் பக்கம் ராத்திரி ஏழு மணிக்கு வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பது லேசு அல்ல.

தீப்பொறி வரும் வழி

வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்பது சாதாரணம், தேவைப்பட்டால் அதற்கு மேலும் போகும். அது கறுப்பு வயர் வழியாக, கேப் வழியாக, பிளக்கின் நடுக்கம்பியில் இறங்குகிறது. நடுக்கம்பியின் முனைக்கு எதிரே வளைந்து நிற்கும் சிறு கொக்கி, பிளக்கின் இரும்பு உடம்போடு சேர்ந்தது. உடம்பு என்ஜினோடு சேர்ந்தது, அதாவது எர்த். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி பறக்கிறது. அமுக்கப்பட்டிருக்கும் பெட்ரோல், காற்றுக் கலவை பற்றிக்கொள்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் இந்த வேலை விநாடிக்கு ஐம்பது முறை நடக்கவேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் நூறு முறை.

நடுக்கம்பியையும் உடம்பையும் பிரித்து வைப்பது வெள்ளைப் பீங்கான். அலுமினா என்கிற அலுமினிய ஆக்சைடில் செய்தது. வெப்பத்தைத் தாங்கும், மின்சாரத்தைத் தடுக்கும், ஆனால் பக்கவாட்டு அடியைத் தாங்காது. கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் விழுந்தாலும் மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் எர்த்துக்கு ஓடிவிடும், பொறி வரவேண்டிய இடத்தில் வராது. கைதவறிச் சிமெண்ட் தரையில் விழுந்த பிளக்கை மாட்டவேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

வெப்பக் கணக்கும் கொஞ்சம் தெரியவேண்டும். பிளக் முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால் முனையே நெருப்பாகி, பொறி வருவதற்கு முன்பே கலவையைக் கொளுத்திவிடும், அது பிஸ்டனுக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை வைத்திருக்க, பிளக் வாங்கும் சூட்டில் பெரும்பகுதி மரை வழியாகவும் அடி வாஷர் வழியாகவும் ஹெட்டுக்கு இறங்குகிறது. ஆகவே தளர்வாக மாட்டிய பிளக் ஆடுவது மட்டுமல்ல, வெந்தும் போகும்.

காலையில் வீட்டிலிருந்து ஜங்ஷன் வரை போய் பால் வாங்கி வருவது, சாயங்காலம் டியூஷனில் பிள்ளையை விடுவது, இவ்வளவுதான் ஓட்டம் என்றால் முனை அந்த 450-ஐத் தொடுவதே அபூர்வம். கரி சேரத்தான் செய்யும். அப்படிப்பட்ட வண்டியை வாரத்துக்கு ஒருநாள் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே ஓட்டமாக ஓட்டி வந்தால் பிளக் பாதி சுத்தமாகிவிடும்.

அளவுகள்

'பைக் பிளக் ஒண்ணு கொடுங்க' என்று கடையில் கேட்காதீர்கள். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள், அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். பொருந்தவேண்டியவை மூன்று: மரையின் விட்டம், மரையின் நீளம், ஸ்பேனர் பிடிக்கும் ஆறுமுகத் தலையின் அளவு.

மரை விட்டம் இன்றைய கம்யூட்டர் பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் 10 மி.மீ. பழைய சேட்டக், டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100 காலத்து வண்டிகளில் 14 மி.மீ. நடுவில் 12 மி.மீ. மரையும் சில வண்டிகளில் உண்டு. மரை நீளம் 12.7 அல்லது 19 மி.மீ. என்பது வழக்கம். இதில் தவறு செய்தால் விளைவு மோசம். நீளம் கூடினால் பிஸ்டனோ வால்வோ பிளக்கில் வந்து மோதலாம். குறைந்தால் ஹெட்டின் அடி மரைகள் மூடாமல் நின்று, அவற்றில் கரி உறைந்து, பின்னால் சரியான பிளக்கே உள்ளே இறங்காது.

என்ஜிகே பிளக்கில் இதெல்லாம் எழுத்தாகவே இருக்கும். சிபிஆர்8இஏ-9 (CPR8EA-9) என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். சி என்றால் 10 மி.மீ. மரை, 16 மி.மீ. தலை. பி (P) என்றால் பீங்கான் முனை வெளியே நீட்டியிருக்கும். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது, வண்டியின் எலக்ட்ரானிக்ஸுக்கும் பக்கத்து ரேடியோவுக்கும் இரைச்சல் போகாமல் தடுக்க. 8 வெப்ப எண். இ என்றால் 19 மி.மீ. நீளம். கடைசி 9, இடைவெளி 0.9 மி.மீ. என்பதைச் சொல்கிறது. முதல் எழுத்து பி (B) என்றால் 14 மி.மீ. மரை, டி என்றால் 12.

வெப்ப எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. என்ஜிகேயில் எண் கூடக்கூட 'குளிர்ந்த' பிளக், அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்கு இறக்கிவிடும். நம் ஊர் மெக்கானிக்குகள் இன்னும் மைக்கோ என்றே சொல்லும் பாஷ் பிளக்கில் நேர் தலைகீழ், எண் கூடக்கூட 'சூடான' பிளக். ஒரு கம்பெனியின் எண்ணை வைத்து இன்னொரு கம்பெனி பிளக்கை எடுக்கக்கூடாது. பொருத்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல ஸ்பேர்ஸ் கடையில் அது இருக்கும். போலி பிளக்குகளும் சந்தையில் சுற்றுகின்றன. எழுத்து மங்கலாக இருந்தாலோ, வாஷர் ஆடிக் கழன்று வந்தாலோ, கொக்கி நடுக்கம்பிக்கு நேராக இல்லாமல் கோணியிருந்தாலோ வாங்காதீர்கள்.

கருவிகள்

10 மி.மீ. மரை பிளக்குக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. ஸ்பேனர். 12 மி.மீ. மரைக்கு 18, சிலவற்றுக்கு 16. பழைய 14 மி.மீ. மரை பிளக்குகளுக்குத் தலை 20.8 மி.மீ., கடையில் 21 என்று கேட்டால் தருவார்கள். பழைய வண்டி, புது வண்டி இரண்டும் வீட்டில் இருந்தால் 16-ம் 21-ம் இரு முனையில் உள்ள பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று போதும். பெட்டி பெட்டியாக செட் வாங்குவது ஆரம்பத்தில் வீண் செலவு.

வண்டியின் டூல் கிட்டில் வரும் குழாய் ஸ்பேனரை யாரும் மதிப்பதில்லை. எனக்கென்னவோ புதியவர்களுக்கு அதுதான் நல்லது என்று தோன்றுகிறது. மெல்லிய தகடு, அதைத் திருப்ப டாமி பார் என்கிற குட்டையான குறுக்குக் கம்பி. அதனால் அதிகப் பலம் கொடுக்கவே முடியாது, மரை தப்பிக்கும். அதன் வாய் அகன்று போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அகன்ற வாய் பிளக்கின் ஆறு முனைகளையும் மழுக்கிவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

அடுத்த படி, 'T' வடிவில் நீளமான டீ ஸ்பேனர். பள்ளத்துக்குள் இருக்கும் பிளக்கை எட்டும், இரண்டு கையாலும் சமமாகப் பிடிக்கலாம். வாங்கும்போது பிளக்குக்கென்றே செய்ததா என்று கேளுங்கள். அதன் உள்ளே ஒரு ரப்பர் வளையமோ காந்தமோ இருக்கும், பிளக்கைக் கவ்விக்கொண்டு மேலே வரும். சாதாரண 16 மி.மீ. சாக்கெட்டும் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் ஆழம் போதாமல் பீங்கானில் முட்டினால் பிளக் போச்சு. பஜாஜ் பல்சர் டிடிஎஸ்-ஐ போல இரண்டு பிளக் உள்ள வண்டிகளிலும், மூன்று பிளக் உள்ள 200 என்எஸ்ஸிலும் எல்லா பிளக்கும் ஒரே மாதிரி கைக்கு எட்டாது. அங்கே கழுத்து வளையும் பிளக் ஸ்பேனர் உதவும்.

ராச்செட்டைக் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள். அதன் நீளக் கைப்பிடியில் பலம் எளிதாகக் கூடிவிடும், மரை தவறான தடத்தில் ஏறுவது விரலுக்குத் தெரியாது. கட்டிங் பிளேயரையும் வாய் திருகி அளவு மாற்றும் ஸ்பேனரையும் பிளக் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இவை தவிர இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று, பித்தளைக் கம்பி பிரஷ், பழைய துணி, பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒரு சாண். ஃபீலர் கேஜ் இல்லாத காலத்தில் ஹேக்ஸா பிளேடைத்தான் இடைவெளியில் விட்டுப் பார்ப்பார்கள். அதன் கனம் 0.6 மி.மீ. சொச்சம். பழைய வண்டிகளுக்கு அது சரியாக இருந்தது. 0.8, 0.9 கேட்கும் இன்றைய வண்டிக்கு அதே பிளேடை வைத்து இடைவெளியைக் குறுக்கிவிடுகிற பழக்கம் மட்டும் இன்னும் சில பட்டறைகளில் போகவில்லை.

கழற்றுவது

முதலில் என்ஜின் ஆறவேண்டும், கை வைத்தால் சுடாத அளவுக்கு. ஹெட் அலுமினியம், பிளக் உடம்பு இரும்பு. சூட்டில் அலுமினியம் இளகிய நிலையில் இருக்கும்போது முறுக்கினால் மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஓட்டி வந்த வண்டி என்றால் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

சாவியை ஆஃப் செய்து, கேப்பைப் பிடித்து லேசாகத் திருகியபடி நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் வயர்தான் கையோடு வரும். ஸ்கூட்டர் என்றால் பிளக்கைப் பார்ப்பதற்கே பக்கத்து மூடியைக் கழற்றவேண்டியிருக்கும், அந்த ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

இப்போது உடனே ஸ்பேனரைப் போடவேண்டாம். பிளக்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மண் இருக்கும். பிளக்கை எடுத்ததும் அது நேராக சிலிண்டருக்குள் விழும். தோட்டத்துச் செம்மண்ணே கெடுதல்தான், கடற்கரை மணல் அதைவிட. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், சிர்கானோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாளில் தேய்ப்பதற்கு ஒட்டுகிற அதே தாது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் அது போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சைக்கிள் பம்ப் இருந்தால் அதில் ஊதுங்கள், அல்லது பஞ்சர் கடையில் ஒரு தடவை காற்றடித்துக் கொண்டு வாருங்கள். அப்புறம் பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி ஒரு தடவை ஊதிவிட்டுக் கழற்றினால் இன்னும் நல்லது.

ஸ்பேனர் முழுதாக இறங்கி, பிளக்குக்கு நேர் கோட்டில் நிற்கவேண்டும். ஒரு கை ஸ்பேனரின் தலையை அழுத்திப் பிடிக்கட்டும், மற்றது திருப்பட்டும். இடப்பக்கம், அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. முதல் 'டக்'குக்குப் பிறகு விரலாலேயே சுற்ற வரவேண்டும். நடுவில் இறுகினால் பலம் காட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் பிளக் நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டினால் இந்தச் சிக்கல் வராது.

எடுத்ததும் துளையைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

முனையைப் பார்த்தால்

இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் என்ஜின் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம், குட்டிக் குட்டி ஓட்டமாக இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரக் கரி என்றால், ஃபோர் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்து ஆயில் மேலே வருகிறது. அது பிளக் மாற்றித் தீராது. வெள்ளையாகி முனையில் கொப்புளம் போட்டிருந்தால் அதிகச் சூடு, தவறான வெப்ப எண்ணோ எங்கோ காற்றுக் கசிவோ காரணம்.

கரியைப் பித்தளை பிரஷால் தேய்த்து, கொஞ்சம் பெட்ரோலில் கழுவி, நன்றாக உலரவிடலாம். இரிடியம் பிளக் என்றால் நடுமுனை ஊசி போல மெல்லியது, பிரஷ் படவே கூடாது. இடைவெளியைச் சரிசெய்ய வளைக்கவேண்டியது வெளிக் கொக்கியை மட்டும். நடுக்கம்பியை நெம்பினால் பீங்கான் உடையும். முனை உருண்டு மழுங்கியிருந்தால் சுத்தம் செய்து பயன் இல்லை, மாற்றிவிடுங்கள். சாதாரண நிக்கல் பிளக்குக்கு எத்தனை கிலோமீட்டர் என்று உங்கள் வண்டிப் புத்தகமே சொல்லும், அதைக் கேளுங்கள்.

பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வழி தெரியும்தானே: பிளக்கைக் கேப்பில் சொருகி, உடம்பை என்ஜின் இரும்பில் தொட வைத்துக் கிக்கரை உதைப்பது. நீலப் பொறி சடசடவென்று வரவேண்டும். மூன்று எச்சரிக்கைகள். பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள். திறந்த துளையின் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றும். எர்த் சரியாகப் படாமல் உதைக்காதீர்கள், காயிலும், அதை இயக்கும் சிடிஐ என்கிற மின்னணுப் பெட்டியும் அடிவாங்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருப்பதால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யாமல் இருப்பதே மேல்.

மாட்டுவது

இங்கேதான் பொறுமை வேண்டும். புது பிளக்கைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரை நீளம் ஒன்றா, உச்சியில் குமிழ் நட்டு இருக்கிறதா இல்லையா. உங்கள் கேப்புக்கு நட்டு இல்லாத முனைதான் வேண்டும் என்றால் புதியதில் உள்ளதைத் திருகி எடுத்துவிடவேண்டும், எடுக்காவிட்டால் கேப் பாதியில் நிற்கும்.

மரையில் கிரீஸோ ஆயிலோ தடவும் பழக்கம் இங்கே உண்டு, கடல் காற்றுக்குப் பயந்து. புது பிளக்குகளின் மரையில் முலாம் இருப்பதால் தேவையில்லை. தடவினால் வழுக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இறுகும்.

ஸ்பேனரைத் தள்ளி வைத்துவிட்டு விரலால் தொடங்குங்கள். விரல் எட்டாத இடம் என்றால் பெட்ரோல் ஹோஸ் துண்டைப் பிளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்துச் சுற்றுங்கள். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் கையில் வழுக்கும், மரையைக் கெடுக்கிற பலம் அதற்குக் கிடையாது. முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் 'க்ளிக்' என்று மரை விழும். அங்கிருந்து வலப்பக்கம். 10 மி.மீ. மரைக்கு ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. இறங்கும். ஆக 19 மி.மீ. நீளத்துக்கும் முழுக்க மரை இருந்தால் பதினெட்டு, பத்தொன்பது சுற்று விரலிலேயே போகவேண்டும். மூன்று சுற்றில் நின்றால் அது மரை ஏறவில்லை, கோணிக்கொண்டது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

விரலுக்கு மேல் போகாது என்ற நிலையில் வாஷர் ஹெட்டைத் தொட்டிருக்கும். அப்போது ஸ்பேனர். புது பிளக் என்றால் அரைச் சுற்று. வாஷர் நசுங்குவது கைக்கு மெத்தென்று தெரியும், பிறகு கெட்டியாகும், அங்கே நிறுத்துங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்த பிளக் என்றால் வாஷர் நசுங்கி முடிந்தது, கடிகாரத்தில் ஒரு மணி நேரத்தில் சின்ன முள் நகர்கிற அளவு திருப்பினால் போதும். முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு: 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30. பைக்கில் போடும் ஒரு பிளக்குக்காக அந்த ரெஞ்சை வாங்க வேண்டியதில்லை.

கேப்பின் உள்ளே வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சுரண்டித் துடைத்துவிட்டு 'டப்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மழையில் மட்டும் திணறும் வண்டியை ராத்திரி இருட்டில் ஓடவிட்டு, தொடாமல் பாருங்கள். கேப்பிலோ வயரிலோ நீலமாக ஏதாவது ஓடினால் பிளக் குற்றமில்லை, அந்தக் கேப்பையோ வயரையோ மாற்றவேண்டும்.

வள்ளமும் புல்வெட்டும் மெஷினும்

வள்ளத்தில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் என்ஜின்களில் 14 மி.மீ. மரை, 12.7 மி.மீ. நீளம், 21 ஸ்பேனர் என்பது வழக்கம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுவதால் கரி சீக்கிரம் சேரும். நிறுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினால் அடுத்த ஸ்டார்ட் சிரமமில்லை. மாற்று பிளக்கும் ஸ்பேனரும் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வள்ளத்திலேயே இருக்கட்டும்.

ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின்களில் பலவற்றுக்கு 19 மி.மீ. ஸ்பேனர். மரை 14 மி.மீ. ஆனாலும் நீளம் 9.5 தான். பைக்குக்கு வாங்கியது இதில் சேராது. மெஷினோடு வந்த இருமுனை ஸ்பேனரைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

எல்லாம் மீறி மரை போய்விட்டால், டேப் சுற்றியோ பெரிய பிளக்கை முறுக்கியோ சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஓட்டத்தில் தெறித்து வரும். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை அல்லது மரை புஷ் போடச் சொல்லுங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இந்த வேலை செய்கிற பட்டறைகள் உண்டு. கொடுக்கும்போது பிளக்கையும் சேர்த்துக் கொடுங்கள், அதை வைத்து அளந்துதான் துளை போடவேண்டும்.